பழைய டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? பைப்பைக் கழற்றும் முன் புகையைப் பாருங்கள்

புரட்டாசியில் நல்ல மழை ஒன்று விழுந்த மறுநாள் காலை, எங்கள் கல்லல் பக்கம் எந்த ஊருக்குள் போனாலும் ஒரு கொட்டகையிலாவது இந்தக் காட்சி இருக்கும். பழைய டிராக்டரைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகிக்கொண்டே இருப்பார், ஒருவர் ஸ்பேனரை எடுத்துக் கைக்கு எட்டிய நட்டையெல்லாம் கழற்றிக்கொண்டிருப்பார், இன்னொருவர் காரைக்குடி மெக்கானிக்குக்கு போன் போட்டுக்கொண்டிருப்பார். அவர் எடுக்க மாட்டார், அன்றைக்கு அவருக்கு இதே மாதிரி எத்தனையோ போன். நம் பக்கம் மழையையும் கண்மாயையும் நம்பித்தான் வெள்ளாமை. செம்மண்ணில் உழுகிற பக்குவத்துக்கு ஈரம் நிற்பது இரண்டு மூன்று நாள்தான், அதற்கப்புறம் மேல்மண் இறுகிவிடும், ஒன்பது கொத்துக் கலப்பை தரையைக் கீறுமே தவிர இறங்காது. அந்த இரண்டு நாளும் கொட்டகையிலேயே போய்விடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வதெல்லாம் கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் இல்லாத பழைய வண்டிகளுக்கு. மாஸி 1035, மஹிந்திரா 265, 275, ஸ்வராஜ் 735, எஸ்கார்ட்ஸ் காலத்து ஃபோர்டு 3600 என்று நம் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகள். எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சைக்கிள் பம்பை நாலு தடவை வேகமாக அடித்தால் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா, அதே மாதிரி சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி அழுத்தி வரும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. ஆகவே இன்ஜின் போதுமான வேகத்தில் சுற்ற வேண்டும், டீசல் காற்றுக் குமிழி இல்லாமல், அதைச் சிலிண்டருக்குள் தெளிக்கிற நாசிலுக்குப் போய்ச் சேர வேண்டும், உள்ளே போன காற்று கசியாமல் அழுந்த வேண்டும். ஸ்டார்ட் ஆகாத வண்டியில் இந்த மூன்றில் ஏதோ ஒன்று இல்லை. எது இல்லை என்பதை வண்டியே சொல்லும், காதும் கண்ணும் கொடுத்தால் போதும்.

சாவியைத் தொடும் முன் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள், பிரேக்கைப் போட்டு லாக் பண்ணுங்கள், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செம்புறாங்கல் ஒன்றை அணை கொடுங்கள். இதை ஒப்புக்காகச் சொல்லவில்லை. செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் தரையில் நின்றபடி திருப்புளியை வைத்து செல்ஃப் மோட்டாரின் இரண்டு டெர்மினலையும் ஷார்ட் பண்ணி ஸ்டார்ட் செய்கிற பழக்கம் நம்மிடம் நிறைய. வண்டி கியரில் இருந்தால் இன்ஜின் பிடித்த அந்த நொடியே நகரும், நீங்கள் நிற்கிற இடம் பின் சக்கரத்துக்கு நேர் முன்னால். உயிர் போயிருக்கிறது இப்படி. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்து வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஸ்டாப் நாபை முதலில் பாருங்கள். இன்ஜினை நிறுத்த இழுக்கிறோமே, அது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கேபிள் துருப்பிடித்து, நாபை உள்ளே தள்ளினாலும், டீசலை நாசிலுக்கு அழுத்தித் தள்ளுகிற பம்பில் இருக்கிற லீவர் திரும்பாமல் நிறுத்தின நிலையிலேயே இருக்கும். டேஷ்போர்டில் பார்த்தால் தெரியாது, இறங்கிப் போய்ப் பம்ப் பக்கத்தில் லீவர் அசைகிறதா என்று பாருங்கள். டீசல் டேப் திறந்திருக்கிறதா, டேங்கில் டீசல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முள்ளை நம்ப வேண்டாம், சுத்தமான கம்பியை விட்டுப் பாருங்கள். மழைக்காக சைலன்சர் மேல் கவிழ்த்த டப்பா எடுத்தாகிவிட்டதா? டப்பா போடாமலே மழையில் நின்ற வண்டி என்றால் சைலன்சர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். அப்புறம் ஆயில் டிப் கம்பி. ஆயில் குறைந்திருந்தால் ஊற்றலாம். மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால்தான் கவலை. டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தருகிற ஃபீட் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து, இன்ஜின் ஆயில் நிற்கிற சம்பில் டீசல் இறங்கியிருக்கும், இல்லையென்றால் தண்ணீர் கலந்திருக்கும். ஆயில் பால் டீ நிறத்தில் வந்தால் தண்ணீர்தான். அந்த நிலையில் செல்ஃபைத் தொடவே வேண்டாம்.

இப்போது ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருகுங்கள், இன்னொருவர் முன்னால் நின்று லைட்டைப் பார்க்கட்டும். லைட் சுத்தமாக அணைந்து போகிறது என்றால் பேட்டரியில் சரக்கில்லை அல்லது டெர்மினல் பிடிக்கவில்லை. லைட் பிரகாசமாக அப்படியே எரிகிறது, செல்ஃபில் சத்தமே இல்லை என்றால் கரண்ட் செல்ஃபுக்குப் போகவே இல்லை. சாவி ஸ்விட்ச், சோலனாய்டுக்கு (செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ஸ்விட்ச்) போகிற சின்ன வயர், சேஃப்டி ஸ்விட்ச் என்று தேடிக்கொண்டு போக வேண்டும். பல வண்டிகளில் ஹை-லோ லீவர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃப் எடுக்கும், சிலவற்றில் கிளட்சை முழுதாக மிதிக்க வேண்டும். ஒரே ஒரு ‘டக்’ கேட்டு லைட் பாதியாக மங்கினால் செல்ஃப் உள்ளே சிக்கியிருக்கிறது அல்லது இன்ஜினே சுற்ற மறுக்கிறது. ‘டக டக டக’ என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரி பலவீனம், இல்லையென்றால் டெர்மினலோ எர்த்தோ சரியாகப் பிடிக்கவில்லை.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், ஒரு சொம்பு வெந்நீரில் இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து ஊற்றுங்கள், நுரைத்துக் கரையும். மூடித் துளை வழியாக உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது பேட்டரியை வண்டியின் இரும்போடு இணைக்கிற எர்த் வயர் முதலில், மாட்டும்போது அது கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். உப்புத்தாளால் தேய்த்து, மாட்டி இறுக்கின பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ். பத்து நிமிஷ வேலை. மல்டிமீட்டர் வைத்திருந்தால் நின்ற நிலையில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12 வோல்ட் என்றால் கிட்டத்தட்டக் காலி. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் அந்த பேட்டரியை முதலில் சார்ஜ் போடுங்கள், போட்டும் அப்படியே இறங்கினால் அதன் ஆயுள் முடிந்தது.

இந்த இடத்தில் எர்த் வயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வண்டி ஒரு ஐப்பசியில் இப்படித்தான் சோர்ந்து சோர்ந்து சுற்றியது. பேட்டரி போய்விட்டது என்று முடிவு பண்ணி அப்பா கையில் இருந்த நெல் பணத்தில் புது பேட்டரி வாங்கி வந்தார். அதையும் மாட்டினோம், அதே சோர்வு. செல்ஃபைக் கழற்றிக் கடைக்கு அனுப்பினோம், கார்பன் பிரஷ் நன்றாகத்தான் இருக்கிறது என்று திரும்பி வந்தது. மூன்றாம் நாள் சித்தப்பா வந்து எர்த் வயர் சேஸில் பிடித்திருக்கிற போல்ட்டைக் கழற்றினார். வயர் முனைக்கும் இரும்புக்கும் நடுவில் பெயின்ட்டும் செந்துருவும் ஒரு வரகரிசி கனத்துக்கு அப்பியிருந்தது. சுரண்டி, பளிச்சென்று இரும்பு தெரியத் தேய்த்து மாட்டினார். பழைய பேட்டரியிலேயே வண்டி முதல் சாவிக்கு எடுத்துக்கொண்டது. அந்த மூன்று நாளில் மேட்டுச் செய் காய்ந்துவிட்டது, அந்த வருஷம் அங்கே விதைக்கவே இல்லை. செல்ஃப் சுற்றும்போது 200 ஆம்பியருக்கு மேல் கரண்ட் இழுக்கும், அத்தனையும் பேட்டரிக்குத் திரும்புவது அந்த ஒரு எர்த் வயர் வழியாகத்தான். அதில் துரு இருந்தால் புது பேட்டரியும் பயன்படாது. சோதிப்பது சுலபம், ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரியின் எர்த் முனையிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் கவ்வவிட்டு செல்ஃப் அடியுங்கள். சுறுசுறுப்பாகச் சுற்றினால் எர்த்தான் பழுது. புது பேட்டரி வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் இதைச் செய்து பாருங்கள்.

சரி, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இப்போதுதான் சைலன்சரைப் பார்க்க வேண்டும். பத்து விநாடி சுற்றுங்கள், ஒரு நிமிடம் ஆறவிடுங்கள், மறுபடி பத்து விநாடி. ஆறவிடாமல் அடித்தால் செல்ஃப் காயில் கருகும், பேட்டரியும் இறங்கும். புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. கரும்புகை வந்தால் டீசல் இருக்கிறது, காற்று போதவில்லை. இந்த மூன்றையும் பிரித்துத் தெரிந்துகொண்டால் வேலையில் பாதி முடிந்த மாதிரி. பார்க்காமல் நாசிலைக் கழற்றுகிறவர், பம்பைக் கழற்றுகிறவர் எல்லாம் இல்லாத பழுதைப் புதிதாக உண்டாக்குகிறார்கள்.

புகையே இல்லாத வண்டிதான் நம் பக்கம் அதிகம், அதிலும் பெரும்பாலானவை டீசல் பைப்பில் காற்றுப் புகுந்த வண்டிகள். தை மாசியில் அறுப்பு முடிந்து நிறுத்தினால் ஆடி வரைக்கும் பல வண்டிகள் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த வெயிலில் ரப்பர் ஹோஸ் வெடிக்கும், எலி கடிக்கும், டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பி இறங்கி பைப்பில் காற்று நிற்கும். பம்பால் டீசலைத் தள்ள முடியும், காற்றைத் தள்ள முடியாது. காற்று உள்ளேயே அமுங்கி விரியும், நாசில் திறக்காது. அதனால் காற்றை நாமேதான் வெளியேற்ற வேண்டும், இதைத்தான் ஏர் எடுப்பது என்போம்.

டேங்கில் பாதிக்காவது டீசல் ஊற்றி டேப்பைத் திறங்கள். ஃபில்டர், பம்ப் மேல் இருக்கிற புழுதியைத் துணியால் துடையுங்கள். ஒரு மணல் பொடி உள்ளே போனாலும் பம்ப் கெடும், அதனால் இதில் சோம்பல் வேண்டாம். முதல் ஃபில்டரின் தலையில் இருக்கிற ஏர் ஸ்குரூவை இரண்டு சுற்று தளர்த்திவிட்டு, ஃபீட் பம்பின் கை லீவரை மேலும் கீழும் அடியுங்கள். லீவர் எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று ஆடினால் ஃபீட் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே கேம் மேட்டில் நிற்கிறது, அவ்வளவுதான். செல்ஃபை ஒரு தட்டு தட்டி இன்ஜினைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி அடித்தால் கையில் கனம் தெரியும்.

இப்போது குனிந்து அந்த ஸ்குரூவையே பாருங்கள். முதலில் ஒன்றும் வராது, ‘புஸ்’ என்று மட்டும் கேட்கும். அப்புறம் சோப்பு நுரை மாதிரி வெளுத்த நுரை பொங்கி ஃபில்டர் மேல் வழியும். பிறகு நுரை போய் டீசல் வரும், அதில் இடையிடையே குமிழி வெடித்து டீசல் துப்பும். பாதிப் பேர் இங்கேதான் அவசரப்பட்டு இறுக்கிவிடுகிறார்கள். இன்னும் அடியுங்கள். குமிழி சின்னதாகி, எப்போதாவது ஒன்று வந்து, கடைசியில் நல்லெண்ணெய் ஒழுகுகிற மாதிரி அறுபடாமல் ஒரே சீராக வழியும். அது வழிந்துகொண்டிருக்கும்போதே, லீவரை அழுத்தியபடியே, ஸ்குரூவை இறுக்குங்கள். லீவரை விட்டபின் இறுக்கினால் காற்று திரும்பிப் போகும். இதையே இரண்டாவது ஃபில்டரிலும் செய்யுங்கள், பிறகு பம்பில். நாசில் பைப்புகள் வட்டமாகக் கிளம்புகிற ரோட்டரி பம்பாக இருந்தால் பக்கவாட்டில் ஒன்று, கவர்னர் மூடிக்கு மேலே ஒன்று என்று இரண்டு ஸ்குரூ இருக்கும், கீழே இருப்பதை முதலில் பாருங்கள். பைப்புகள் ஒரே வரிசையில் கிளம்புகிற இன்லைன் பம்பில் பக்கவாட்டில் இருக்கும்.

கடைசியாக நாசில் பைப். மூன்று சிலிண்டர் வண்டியில் இரண்டு நாசிலின் நட்டை மட்டும் அரைச் சுற்று தளர்த்தி, ஸ்டாப் நாப் உள்ளே, ஆக்ஸிலேட்டர் முழுதாகக் கீழே வைத்துச் செல்ஃப் அடியுங்கள். நட்டு ஓரத்தில் டீசல் விட்டுவிட்டுத் துடித்து வரும், வந்ததும் இறுக்கிவிடுங்கள், அடுத்த பத்து விநாடியில் வண்டி பிடிக்கும். ஒன்று மட்டும், தளர்த்தின நட்டுக்குப் பக்கத்தில் கையையோ முகத்தையோ கொண்டு போகாதீர்கள். அந்த பைப்பில் அழுத்தம் நூறு பாருக்கு மேல் போகும், டீசல் ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும். மேலே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படிப் பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் ஆகி, பத்து நிமிஷத்தில் வண்டி தானாக நின்றால் எங்கேயோ காற்று இழுக்கிறது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் இருக்கிற பைப்பில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்ட வேண்டும் என்றில்லை, காற்றுதான் உள்ளே போகும், அதனால் கண்ணுக்குப் படாது. முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று இழுத்தால் மூடியில் இருக்கிற காற்றுத் துளை அடைத்திருக்கிறது. நம் செம்மண் புழுதியும் குளவி வைக்கிற களிமண்ணும் அந்தத் துளையை அடைப்பது சர்வ சாதாரணம், ஊசியால் குத்திவிட்டால் தீர்ந்தது. அதுவும் இல்லை என்றால் ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை ஊற்றி டேங்கைவிட உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு ஹோஸை நேராக முதல் ஃபில்டருக்குக் கொடுத்து ஏர் எடுத்து ஓட்டுங்கள். வண்டி நிற்காமல் ஓடினால் கோளாறு ஃபில்டருக்கு முன்னால்தான், டேங்க், டேப், ஹோஸ், ஃபீட் பம்ப் இவற்றைத் தவிர வேறு எதையும் தொட வேண்டாம். அவசரத்துக்கு இந்தக் கேனை வைத்தே ஒரு குறுக்கம் நிலம் உழுது முடித்திருக்கிறோம். காப்பர் வாஷர் பழசாகிக் கசிந்தால், கடை திறக்கும் வரை காத்திருக்காமல் அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், இளகிவிடும், மறுபடி இறுக்கினால் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளைப் புகை வருகிறது, பிடிக்கவில்லை என்றால் செல்ஃப் வேகத்தை மறுபடி பாருங்கள். மெதுவாகச் சுற்றினால் அழுந்துகிற காற்றின் சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும், அதனால் பேட்டரி பலவீனமும் வெள்ளைப் புகையாகத் தெரியும். வேகம் சரி என்றால் டீசலில் தண்ணீர் இருக்கிறதா என்று ஃபில்டர் அடியில் இருக்கிற டிரெயினைத் திறந்து கண்ணாடிக் குடுவையில் பிடியுங்கள், தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். அதுவும் இல்லையென்றால் நாசில் ஒழுகுகிறது அல்லது கம்ப்ரஷன், அதாவது காற்று கசியாமல் அழுந்துவது, போய்விட்டது. காலையில் பாடாய்ப் படுத்தி, ஒரு முறை சூடானபின் நாள் முழுக்க முதல் சாவிக்கே எடுக்கிற வண்டி என்றால் ரிங், வால்வு தேய்ந்திருக்கிறது. ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளும். இது கொட்டகையில் தீர்கிற காரியம் இல்லை. நாசிலைக் கழற்றி டெஸ்ட் பண்ணுகிற கடைக்குக் கொடுங்கள், இன்ஜின் வேலையை அறுப்புக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்புகைக்கு ஏர் கிளீனர். ஆயில் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் செம்மண் களியாக உறைந்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கோடு வரைக்கும் மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள், கூட ஊற்றினால் இன்ஜின் அதை உறிஞ்சிவிடும். குழாய்க்குள் கையை விட்டுப் பாருங்கள், வைக்கோலும் துணியுமாக எலிக்கூடு வரும்.

சைலன்சர் வழியாகத் தண்ணீர் போயிருக்கும் என்று சந்தேகம் வந்தால் செல்ஃப் அடிக்காதீர்கள், இழுத்தும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். மூன்று நாசிலையும் கழற்றிவிட்டு முன்பக்கப் புல்லியைக் கையால் திருப்புங்கள், தண்ணீர் இருந்தால் நாசில் துளை வழியாக வந்துவிடும். வந்தது வழிந்து முடிந்தபின் ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, கையாலேயே பல தடவை சுற்றி, சம்ப் ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் அதையும் மாற்றிவிட்டு, பிறகுதான் செல்ஃபுக்குப் போக வேண்டும்.

துணியில் பெட்ரோலை நனைத்து ஏர் கிளீனர் வாயில் வைக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். டீசல் இன்ஜினில் பெட்ரோல் ஆவி நேரம் காலம் இல்லாமல் வெடிக்கும், ரிங் உடையும், மேனிஃபோல்டில் சூடேற்றும் காயில் இருக்கிற வண்டியில் தீயே பிடிக்கும். நம் ஊர் வெயிலில் நல்ல இன்ஜினுக்கு அது தேவையும் இல்லை. இன்னொரு டிராக்டரை வைத்து இழுப்பதாக இருந்தால் இன்ஜின் கையால் தாராளமாகச் சுற்றுகிறது என்று உறுதி செய்துகொண்டு, மேல் கியரில் போட்டு, நீளமான கயிற்றில், ஆட்கள் யாரும் நடுவில் நிற்காமல் இழுங்கள். கண்மாய்க் கரைச் சரிவில் உருட்டி ஸ்டார்ட் பண்ணுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கரையில் மண் சரிந்தால் வண்டி ஆளோடு கவிழும், அதை நான் செய்வதில்லை.

இதையெல்லாம் புரட்டாசி மழையன்று செய்வதைவிட ஆடியிலேயே ஒரு நாள் ஒதுக்குங்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சார்ஜ் போடுங்கள், எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டுங்கள், இரண்டு டீசல் ஃபில்டரையும் மாற்றி ஏர் எடுத்து, அரை மணி நேரம் வண்டியை ஓடவிடுங்கள். அதற்கப்புறம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம். வேலை முடிந்து நிறுத்தும்போது டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், பாதி டேங்காக நின்றால் ராத்திரிக் குளிரில் உள்ளே தண்ணீர் வேர்த்து இறங்கும். பேரலில் வைத்திருந்த டீசலாக இருந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க ஆடாமல் வைத்து, காலையில் அடியில் கோடு பிரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.